ஆறு இலக்கம், முப்பது விநாடி, ஓர் உலாவி: வாசகர் கேள்வி–பதில்

சென்ற மாத இதழில், மின்னஞ்சல் கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை எப்படி இயக்குவது என்று எழுதியிருந்தேன். கடவுச்சொல்லைத் தட்டிய பிறகு, கைப்பேசியில் உள்ள ஆதென்டிகேட்டர் செயலி காட்டும் ஆறு இலக்க எண்ணையும் கேட்கும் ஏற்பாடு அது. அதைப் படித்துவிட்டு எழுதிய வாசகர்களில் பெரும்பாலோர் செயலியை விட்டுவிட்டு, பிரவுசரின் மேல் மூலையில் சிறு படமாக உட்கார்ந்துகொண்டு சொடுக்கினால் அதே ஆறு இலக்கத்தைக் காட்டும் எக்ஸ்டென்ஷனை, அதாவது உலாவி நீட்சியைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும் வட ஆர்க்காட்டுக்காரர்களின் சந்தேகம் இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறது போலும். ஆகவே இம்முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: ஐயா, ஆம்பூரில் காலணி ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புது மாதிரிகளின் படம் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக, காலையில் நுழையும்போதே கைப்பேசியை வாயிலில் ஒப்படைத்துவிட வேண்டும். அலுவலக மின்னஞ்சலும் வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆர்டர் தளமும் ஆறு இலக்க எண் கேட்கின்றன. வேறு வழியில்லாமல் எண் தரும் நீட்சியை அலுவலகக் கணினியிலேயே போட்டுக்கொண்டேன். கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகன், "பீரோ சாவியைப் பீரோவிலேயே தொங்கவிட்டிருக்கிறாய் சித்தி" என்கிறான். அவன் சொல்வது சரிதானா?
— கணக்காளர் ஒருவர், ஆம்பூர்

பதில்: பாதி சரி. எந்தப் பாதி என்பதை விளங்கிக்கொள்ள, அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வங்கிக் குறுஞ்செய்தியால் நாம் "ஓடிபி வந்துவிட்டதா?" என்று கேட்டுப் பழகிவிட்டோம். நீட்சியில் தெரியும் எண் எங்கிருந்தும் வருவதில்லை. உங்கள் கணினியிலேயே கணக்கிடப்படுகிறது. நீங்கள் முதல்நாள் க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தபோது, அதற்குள் இருந்த ஒரு நீண்ட ரகசியத் திறவுகோல் நீட்சிக்குள் பதிவாகிவிட்டது. அதன் நகல் அந்தத் தளத்தின் சர்வரில் இருக்கிறது. 1970 ஜனவரி 1, நம் நேரப்படி அதிகாலை 5.30 மணியிலிருந்து இன்றுவரை எத்தனை முப்பது விநாடிகள் கழிந்திருக்கின்றன என்று இரு தரப்பும் எண்ணிக்கொள்கின்றன. அந்த எண்ணிக்கை இப்போது 5 கோடியே 80 லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. இந்த எண்ணிக்கையையும் திறவுகோலையும் சேர்த்து எச்மேக் என்னும் கணக்கீட்டில் இட்டால் 20 பைட் நீளமுள்ள ஒரு விடை கிடைக்கும். அந்த விடையின் கடைசிப் பகுதி சொல்லும் இடத்திலிருந்து 4 பைட்டுகளை எடுத்து எண்ணாக்கி, அதன் கடைசி ஆறு இலக்கத்தை மட்டும் திரையில் காட்டுகிறார்கள். டிஓடிபி என்று பெயர் பெற்ற இந்த முறை 2011-இல் ஆர்எஃப்சி 6238 என்ற ஆவணமாக வெளியிடப்பட்டது. இணையமே இல்லாவிட்டாலும் எண் மாறிக்கொண்டிருப்பது இதனால்தான்.

ஆக, அரை நிமிடத்தில் செத்துவிடும் ஆறு இலக்கத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது குறைவு. அந்தத் திறவுகோல் எங்கே கிடக்கிறது, யார் கைக்கு எட்டும் என்பதே கேள்வி. கைப்பேசிச் செயலியானால் அது கைப்பேசிக்குள் இருக்கும். நீட்சியானால் உங்கள் பிரவுசர் தன் விவரங்களைச் சேமிக்கும் கோப்புறையில் இருக்கும்.

இனி அக்காள் மகனின் பாதிக்கு வருகிறேன். நம் கணக்குகளைத் தாக்குகிறவர்களில் மிகப் பலர் நம் மேசையருகே வருகிறவர்கள் அல்லர். ஏதோ ஒரு கடைத் தளத்திலிருந்து கசிந்த கடவுச்சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அதே சொல் மின்னஞ்சலுக்கும் திறக்கிறதா என்று எங்கோ இருந்தபடி தட்டிப் பார்க்கிறவர்கள். அவர்களைப் பொறுத்தவரை திறவுகோல் உங்கள் கைப்பையில் இருந்தாலும் ஒன்று, அலுவலகக் கணினியில் இருந்தாலும் ஒன்று, இரண்டுமே எட்டாது. எனவே நீட்சி வைத்திருப்பது இருபடிச் சரிபார்ப்பே இல்லாமல் இருப்பதைவிடப் பல மடங்கு மேலானது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அவன் சொல்வது சரியாகும் இடம், கணினிக்குள்ளேயே தீநிரல் நுழைந்துவிடும் சந்தர்ப்பம். பில் என்ற பெயரில் வந்த ஏதோ ஒரு கோப்பைத் திறந்து, தகவல் திருடும் நிரல் ஒன்று உள்ளே புகுந்துவிட்டால், அது முதலில் துழாவும் இடம் பிரவுசரின் கோப்புறைதான். சேமித்த கடவுச்சொல்லும் நீட்சியின் திறவுகோலும் ஒரே இடத்தில் கிடந்தால் இரண்டும் ஒரே வாரலில் போய்விடும். அப்படிப்பட்ட நிரல் நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பதற்கான அடையாளமாகப் பிரவுசர் வைத்திருக்கும் குக்கீயையும் திருடும். அதற்குக் கைப்பேசிச் செயலி வைத்திருந்தாலும் தப்ப முடியாது என்பதை அக்காள் மகனிடம் சொல்லுங்கள். ஆனால் வேறுபாடு ஒன்று உண்டு: எல்லா இடத்திலிருந்தும் வெளியேறினால் திருடிய குக்கீ செல்லாமல் போய்விடும், திருடிய திறவுகோலோ நீங்கள் இருபடிச் சரிபார்ப்பை அணைத்துப் புதிதாக அமைக்கும்வரை ஒவ்வொரு முப்பது விநாடிக்கும் சரியான எண்ணைத் தந்துகொண்டே இருக்கும்.

ஆகவே உங்கள் நிலையில் நான் சிலவற்றைச் செய்வேன். நீட்சியின் அமைப்புகளுக்குள் போய், திறவுகோல்களை மறையாக்கம் செய்து வைப்பதற்கான தனிக் கடவுச்சொல்லை முதலில் போட்டுவிடுவேன். அதைப் போடாதவரை சில நீட்சிகள் திறவுகோலைத் திறந்த எழுத்தாகவே வைத்திருக்கின்றன. ஆர்டர் தளத்தின் கடவுச்சொல்லை அதே பிரவுசரில் சேமிக்கச் சொல்லாமல் நினைவிலோ வேறிடத்திலோ வைப்பேன். அலுவலகக் கணினி அலுவலகத்தின் உடைமை, அதை நிர்வகிக்கிறவர் தொலைவிலிருந்தே திறக்க முடியும் என்பதால், என் சொந்த மின்னஞ்சலின் திறவுகோலை அதில் ஒருநாளும் ஏற்ற மாட்டேன். சாப்பாட்டு மணி அடித்ததும் எழுந்து ஓடாமல், விண்டோஸ் விசையோடு 'எல்' விசையைச் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டிவிட்டுப் போவேன். கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் செய்வதில்லை.

இன்னொன்று. சில நீட்சிகள் திறவுகோல்களைப் பிரவுசர் கணக்கோடு ஒத்திசைத்து வைத்துக்கொள்ளும். கூகுள் கணக்கைத் திறக்கும் எண்ணை அதே கூகுள் கணக்குக்குள் ஒத்திசைத்துவிட்டு, கணினி பழுதாகிப் புதுக் கணினியில் நுழையப் பார்த்தால், எண் இல்லாமல் கணக்கு திறக்காது, கணக்கு திறக்காமல் எண் கிடைக்காது. உங்கள் அக்காள் மகன் சொன்ன பீரோ உவமை உண்மையில் பொருந்துவது இங்கேதான்.

நிர்வாகத்திடம் பேச வாய்ப்பிருந்தால், யூஎஸ்பி துளையில் செருகும் பாதுகாப்புச் சாவி ஒன்றை வாங்கித் தரச் சொல்லுங்கள்; மின்னஞ்சலுக்கும், அதை ஏற்கும் மற்றத் தளங்களுக்கும் அது போதும். விலை சில ஆயிரம் ரூபாய் ஆகும். அதில் கேமராவும் இல்லை, படம் எடுக்கவும் முடியாது. ஆகவே வாயில் காவலரும் தடுக்க மாட்டார். திறவுகோல் அந்தச் சாவியை விட்டு வெளியே வராது. போலித் தளத்துக்கு அது பதிலும் சொல்லாது. ஆறு இலக்க எண்ணுக்கு இந்தக் கடைசிக் குணம் கிடையாது என்பதை மறக்கக் கூடாது. உண்மைத் தளம் போலவே தோன்றும் போலிப் பக்கத்தில் எண்ணைத் தட்டிவிட்டால், எதிரில் இருப்பவன் அதை அந்த அரை நிமிடத்துக்குள் உண்மைத் தளத்தில் போட்டு நுழைந்துவிடுவான். எண்ணைத் தந்தது செயலியா, நீட்சியா என்பது அவனுக்குப் பொருட்டே இல்லை.

கடிதத்தின் பின்குறிப்பில், சரக்கை லாரியில் அனுப்பத் தேவையான இ-வே பில்லுக்கும் இந்த நீட்சி பயன்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயன்படாது. 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் எல்லா வரி செலுத்துவோருக்கும் இருபடிச் சரிபார்ப்பு கட்டாயம். அதற்குக் குறுஞ்செய்தி, சந்தேஸ் என்ற அரசுச் செய்திச் செயலி, என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு செயலி என்று மூன்று வழிகளைத் தந்திருக்கிறார்கள். மூன்றுமே கைப்பேசியைச் சார்ந்தவை. முதலாளியின் எண்ணுக்கு வரும் ஓடிபிக்காக லாரியை நிறுத்திவைத்துக் காத்திருக்காமல், உங்கள் பெயரில் துணைப் பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கச் சொல்லுங்கள். அப்போது ஓடிபி நீங்கள் பதிவுசெய்த எண்ணுக்கு வரும். அதற்கென ஒரு கைப்பேசியைக் கணக்குப் பிரிவில் வைத்துக்கொள்ள அனுமதி பெறுவது நிர்வாகத்தின் பொறுப்பு.

கேள்வி: வங்கி அனுப்பும் ஓடிபியும் இதே நீட்சியில் தெரியும்படி செய்துகொள்ளலாமா? மாடி அறையில் சிக்னல் கிடைப்பதில்லை.
— வாசகர், சத்துவாச்சாரி

பதில்: முடியாது. இணையத்தில் அட்டை வழியாகச் செலுத்தும் பணத்துக்குக் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாக்கியது. அதற்காகப் பெரும்பாலான வங்கிகள் குறுஞ்செய்தி ஓடிபியைக் கையாண்டு வருகின்றன. அது வங்கியின் சர்வரில் பிறந்து உங்கள் சிம்முக்கு வருவது. அதன் திறவுகோல் எதுவும் உங்களிடம் தரப்படுவதில்லை. குறுஞ்செய்தி அல்லாத வேறு முறைகளுக்கும் இடம் தரும் நெறிமுறையை ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1-ஐக் கெடுவாக வைத்தது. உங்கள் வங்கி எந்த முறையைக் கொண்டுவந்தாலும் அதை வங்கியின் சொந்தச் செயலி மூலமே ஏற்றுக்கொள்ளுங்கள். "வங்கி ஓடிபியையும் காட்டுகிறேன்" என்று எந்த நீட்சியாவது சொன்னால் அதை உடனே நீக்கிவிடுங்கள். பணம் போயே விட்டதென்றால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

கேள்வி: நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் கணக்குக்காக நீட்சி வைத்திருக்கிறேன். விடுதி அறையில் உள்ள பழைய டெஸ்க்டாப்பில் அது காட்டும் எண்ணைத் தட்டினால் ஒவ்வொரு முறையும் தவறு என்கிறது. அதே திறவுகோலைக் கைப்பேசியில் ஏற்றினால் வேறு எண் தெரிகிறது; அது செல்லுகிறது. கணினியின் கடிகாரம் சரியான நேரத்தையே காட்டுகிறது. நீட்சி கெட்டுவிட்டதா?
— பொறியியல் மாணவர், காட்பாடி

பதில்: நீட்சி நன்றாகவே இருக்கிறது. கடிகாரம் சரியாகக் காட்டுகிறது என்ற வரிதான் என்னை உஷார்ப்படுத்தியது.

முதல் பதிலில் சொன்னபடி, எண்ணைக் கணக்கிடும் நிரல் திரையில் தெரியும் நேரத்தை எடுத்துக்கொள்வதில்லை. 1970-இலிருந்து கழிந்த விநாடிகளை உலகப் பொது நேரத்தில் எடுத்துக்கொள்கிறது. பழைய கணினியில் விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது நேர மண்டலம் அமெரிக்காவின் பசிபிக் கரையாக அமைந்துவிடுவதுண்டு. மூலையில் தெரியும் நேரம் தப்பாக இருப்பதைப் பார்த்த யாரோ, மண்டலத்தைத் தொடாமல் முள்ளை மட்டும் நம் நேரத்துக்குத் தள்ளிவைத்திருப்பார்கள். இப்போது உங்கள் கண்ணுக்கு மாலை 6 மணி சரியாகத் தெரியும். கணினியோ அதை அமெரிக்காவின் மாலை 6 மணி என்று எண்ணி, உலகப் பொது நேரத்தைப் பதின்மூன்றரை மணி (அங்கே கோடைக்காலமானால் பன்னிரண்டரை மணி) முன்னே ஓட்டிவிடும். பதின்மூன்றரை மணி என்றால் 1,620 முப்பது விநாடிகள். சர்வர்கள் வழக்கமாக ஒரு படி முன்னும் பின்னும் பொறுத்துக்கொள்ளும்; 1,620 படிகளைப் பொறுத்துக்கொள்ள எதற்கும் மனம் வராது.

நேர அமைப்பில் மண்டலத்தைச் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி என்ற வரிசைக்கு மாற்றி, நேரத்தைத் தானாக அமைக்கும் பொத்தானையும் இயக்குங்கள். அப்படிச் செய்தும் மின்சாரம் போய் வந்த ஒவ்வொரு முறையும் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடுகிறதென்றால், மதர்போர்டில் நாணயம் போல உட்கார்ந்திருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் பல வலைத்தளங்கள் சான்றிதழ் பிழை காட்டித் திறக்கவும் மறுக்கும். வேலூர் வெயிலில் பூட்டிய அறைக்குள் கோடை விடுமுறையைக் கழித்த கணினிகளில் இந்தப் பேட்டரியைத்தான் நான் முதலில் பார்ப்பது வழக்கம். காட்பாடியிலேயே எந்தக் கணினிக் கடையிலும் கிடைக்கும். கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

நிரல் பங்களிப்போர் அனைவருக்கும் இருபடிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கும் வேலையைக் கிட்ஹப் 2023 மார்ச்சில் தொடங்கியது. இருபடிச் சரிபார்ப்பை அமைக்கும்போது, எண் கிடைக்காத நாளில் உள்ளே நுழைவதற்காகத் தரப்படும் மீட்புக் குறியீடுகளை நீங்கள் தாளில் இறக்கிவைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால், கைப்பேசி காட்டும் ஆறு இலக்கம் செல்லுபடியாகும்போதே, இன்றே செய்துவிடுங்கள்.

கேள்வி: எந்த நீட்சி நல்லது என்று பெயர் சொல்லுங்கள். பிரவுசரின் நீட்சிக் கடையில் ஒரே பெயரில் பத்து இருக்கின்றன.
— வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: பெயர் சொல்ல மாட்டேன். பிடிவாதமாக அல்ல, இன்று நல்லதாக இருக்கும் நீட்சி இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நாளிலும் அப்படியே இருக்குமென்று யாராலும் உறுதி தர முடியாது. நீட்சிகள் நம்மைக் கேட்காமலே தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும் என்பதுதான் காரணம்.

இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். திறந்து கிடக்கும் டேப்களைத் தூங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தும் தி கிரேட் சஸ்பெண்டர் என்ற நீட்சியை 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வைத்திருந்தார்கள். அதை எழுதியவர் 2020-இல் வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டார். வாங்கியவர் தரப்பு சேர்த்த நிரலில் தீங்கு இருப்பதாகக் கண்டு 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. பயனர்கள் எதையும் புதிதாக நிறுவவில்லை. பழகிய வீட்டில் ஆள் மட்டும் மாறியிருந்தது.

இரண்டாவது, 2024 டிசம்பர் 24 அன்று நடந்தது. சைபர்ஹேவன் என்ற, பாதுகாப்புத் தொழிலிலேயே இருக்கும் நிறுவனத்தின் ஊழியர் ஒருவருக்கு, நீட்சிக் கடையின் நிர்வாகத்திலிருந்து வந்தது போன்ற ஒரு மின்னஞ்சல் வந்தது. அவர் அதை நம்பி ஓர் அனுமதிப் பொத்தானை அழுத்திவிட, திருடர்கள் அந்த நிறுவனத்தின் நீட்சிக்குள் தங்கள் நிரலைச் சேர்த்து வெளியிட்டுவிட்டார்கள். அந்த ஊழியரின் கணக்குக்கு இருபடிச் சரிபார்ப்பு இருந்தது. ஆனால் திருடர்கள் கேட்டது எண்ணை அல்ல, அனுமதியை. நம்மில் எத்தனை பேர் அனுமதிப் பொத்தானின் மேலே இருக்கும் வாசகத்தைப் படிக்கிறோம்?

ஆகவே நீங்களே பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது, அந்த நீட்சி எதைக் கேட்கிறது என்பதையே. திறவுகோலைச் சேமித்து எண்ணைக் கணக்கிட்டுக் காட்டும் வேலைக்கு, எந்த வலைத்தளத்தையும் படிக்க வேண்டிய தேவை இல்லை. திரையில் தெரியும் க்யூஆர் கட்டத்தைப் பிடிப்பதற்கு, நீங்கள் சொடுக்கும் அந்த ஒரு நொடிக்கு அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தால் போதும். நிறுவும்போதே "எல்லா வலைத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்" என்று கேட்டால், எண்ணைத் தானே கட்டத்தில் நிரப்பும் வசதிக்காக அது கேட்கக்கூடும்; அந்த வசதி உங்களுக்கு வேண்டுமா என்று யோசியுங்கள். குரோமில் நீட்சியின் விவரப் பக்கத்துக்குப் போய், தள அணுகலைச் சொடுக்கும்போது மட்டும் என்று சுருக்கியும் வைக்கலாம். மூலநிரல் வெளிப்படையாக இருக்கிறதா, திறவுகோல்களைக் கோப்பாக வெளியே எடுக்கும் வசதி இருக்கிறதா என்ற இரண்டையும் பாருங்கள். இரண்டாவதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். இதே எண்ணைத் தரும் ஆதி (Authy) என்ற செயலியின் கணினி வடிவம் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டபோது, திறவுகோலை வெளியே எடுக்க வழியில்லாமல் ஒவ்வொரு தளமாகப் போய்ப் புதிதாக அமைத்துக்கொள்ள நேர்ந்தவர்களின் புலம்பலை அப்போது நிறையவே கேட்டேன்.

கடவுச்சொல் மேலாளர் நீட்சிகள் சிலவும் இந்த எண்ணைத் தருகின்றன. அவற்றுக்கு ஒரு நற்குணம் உண்டு: நீங்கள் சேமித்த தள முகவரியோடு ஓரெழுத்து வேறுபட்டாலும் போலிப் பக்கத்தில் எதையும் நிரப்பாமல் வாயை மூடிக்கொள்ளும். அந்த மௌனத்தையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதைப் பொறுக்காமல் நாமே நகலெடுத்து ஒட்டினால் பயன் இல்லை.

கேள்வி: ஆர்க்காட்டில் ஜெராக்ஸ் கடையோடு சேர்த்து இன்டர்நெட் மையம் நடத்துகிறேன். விண்ணப்பம் போட வரும் வாடிக்கையாளர்கள், "அந்த நம்பர் வரும் ஐட்டத்தை உங்க சிஸ்டத்துலயே வெச்சுக்குங்கண்ணே" என்கிறார்கள். வைத்துக்கொள்ளலாமா?
— கடை உரிமையாளர், ஆர்க்காடு

பதில்: வேண்டாம். நாளைக்கு யாராவது ஒருவரின் கணக்கில் ஏதாவது நடந்தால், முதலில் உங்கள் கடைக்குத்தான் வருவார்கள். இன்னொருவரின் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின் கீழ் 3 ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். நீங்கள் செய்யாததை நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். முதியவர்களுக்குப் பொறுமையாக அவர்கள் கைப்பேசியிலேயே அமைத்துக்கொடுங்கள். திறவுகோலைத் தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுத்தனுப்பினால், அந்தப் பத்து நிமிட வேலைக்கு நீங்கள் தனியாகக் கட்டணம் வாங்கினாலும் தப்பில்லை என்பேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். கைப்பேசி தொலைந்தால் என்ன செய்வது என்ற பயத்தில், வீட்டுக் கணினியிலும் நீட்சி போட்டுக்கொள்ள நினைக்கிறேன். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுமா? திறவுகோலை எழுதிவைக்க வேண்டும் என்கிறீர்கள். அது எங்கே இருக்கிறது, எப்படி எழுதுவது?
— வாசகர், குடியாத்தம்

பதில்: ஐயா, ஒரே திறவுகோலை இரண்டிலும் ஏற்றினால் இரண்டும் ஒரே நொடியில் ஒரே எண்ணைக் காட்டும். வீட்டுக் கணினி உங்கள் பொறுப்பில் மட்டுமே இருக்கிறதென்றால், உங்களுக்கு நீட்சி மாற்றுச் சாவியாக மிகவும் பொருத்தமானது.

இதை நான் சொந்த இழப்பிலிருந்து சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் கைப்பேசியின் திரை உடைந்தது. பழுதுபார்க்கக் கொடுத்த கடையில், சோதித்துப் பார்ப்பதற்காக என்று என்னைக் கேட்காமலே அதை முழுதாக அழித்து, புதுக் கைப்பேசி போல மினுமினுக்கத் திருப்பித் தந்தார்கள். திரைக்கு வாங்கிய பணத்துக்கு ரசீது கொடுத்தவர்கள், உள்ளே இருந்த பதினான்கு கணக்குகளின் திறவுகோல்களுக்கு ஒரு மன்னிப்பும் சொல்லவில்லை. ஒவ்வொரு கணக்காக மீட்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. இரண்டை மீட்கவே முடியவில்லை. அன்று இரவு நான் எழுதத் தொடங்கிய கோடு போட்ட குறிப்பேடு இப்போதும் இருக்கிறது.

எழுதும் முறை இது. இருபடிச் சரிபார்ப்பை அமைக்கும்போது க்யூஆர் கட்டத்துக்குக் கீழே, ஸ்கேன் செய்ய முடியவில்லையா என்பது போன்ற ஒரு வரி சிறு எழுத்தில் இருக்கும். அதைச் சொடுக்கினால், பெரும்பாலும் 16 அல்லது 32 எழுத்துகள் கொண்ட ஒரு சரம் வரும், அதுதான் திறவுகோல். பார்த்ததும் மிரள வேண்டாம். அதில் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும், 2 முதல் 7 வரையுள்ள 6 இலக்கங்களும் மட்டுமே வரும். மொத்தம் 32 குறிகள். 0, 1, 8, 9 ஆகியவை அதில் வரவே வராது. ஆகவே வட்டமாக ஒன்று தெரிந்தால் அது 'ஓ' என்ற எழுத்தேயன்றிச் சுழியம் அல்ல. நேர்கோடாக ஒன்று நின்றால் அது ஒன்று என்ற இலக்கம் அல்ல, 'ஐ' அல்லது 'எல்' என்ற எழுத்து. மாணவர்களின் கையெழுத்தை ஆயுள் முழுவதும் திருத்திய தங்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. எல்லாவற்றையும் பெரிய எழுத்தில், நான்கு நான்காகக் கட்டி எழுதுங்கள். 32 குறிகளானால் எட்டுக் கட்டு வரும். 5 என்ற இலக்கமும் 'எஸ்' என்ற எழுத்தும், 2 என்ற இலக்கமும் 'இசட்' என்ற எழுத்தும் கண்ணை ஏமாற்றக்கூடியவை. நான் 'இசட்' எழுத்தின் நடுவில் ஒரு குறுக்குக் கோடு போட்டுவிடுவேன்.

எழுதி முடித்ததும், திரையைப் பார்க்காமல், குறிப்பேட்டைப் பார்த்தே நீட்சியில் தட்டுங்கள். கைப்பேசியில் க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்யுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே எண் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் உங்கள் எழுத்தில் பிழை இல்லை. அதன் பிறகே தளத்தில் உறுதிசெய்யும் பொத்தானை அழுத்துங்கள். பல தளங்களில் அந்தச் சரத்தை ஒருமுறை மூடிவிட்டால் மறுபடி பார்க்க முடியாது. முழுதாக மாற்றி அமைக்க வேண்டியிருக்கும்.

நீட்சியைக் கணினியிலிருந்து நீக்கினால், அதனோடு அதன் திறவுகோல்களும் அழிந்துவிடும். பிரவுசர் வரலாற்றை அழிப்பதால் வழக்கமாக அவை போவதில்லை என்றாலும், பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து, "தாத்தா, சிஸ்டம் ஸ்லோவா இருக்கு, கிளீன் பண்றேன்" என்று உட்கார்ந்தால் பக்கத்திலேயே இருங்கள்.

க்யூஆர் கட்டத்தைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் படம் மற்றப் படங்களோடு சேர்ந்து தானே மேகச் சேமிப்புக்கும் போய்விடும், சில நேரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்விடும். பில் போடும் சிறு இயந்திரத்தில் அச்செடுத்த தாளையும் நம்பாதீர்கள். வெப்பத்தால் எழுத்து உண்டாக்கும் தாள் அது. நம் ஊர் வெயிலில் கிடந்தால் நாளடைவில் எழுத்து படிக்க முடியாமல் போய்விடும். சில ஜெல் பேனாக்களின் மை ஈரம் பட்டால் கரையும். சாதாரணப் பால்பாயிண்ட் பேனாவும் நோட்டுத் தாளும் போதும்.

குறிப்பேட்டில் கடவுச்சொற்களைச் சேர்த்து எழுத வேண்டாம். அவை வேறிடத்தில் இருக்கட்டும். என் குறிப்பேடு பீரோவின் கீழ்த்தட்டில், வீட்டுப் பத்திரங்கள் உள்ள உறையோடு இருக்கிறது. ஒவ்வொரு சரத்துக்கும் பக்கத்தில் அது எந்தக் கணக்குக்கு உரியது என்பதைச் சுருக்கமாக எழுதியிருக்கிறேன். அந்தச் சுருக்கங்களைப் படிக்க என் மனைவிக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். சென்ற பொங்கலுக்கு முந்தைய நாள் நான் ஊரில் இல்லாதபோது, மின்னஞ்சலில் இருந்த ஒரு ரசீது அவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. எட்டுக் கட்டையும் அவரே பார்த்து நீட்சியில் தட்டி, உள்ளே போய் எடுத்துக்கொண்டார்.